நான் வெட்டச் சொன்ன வரி

கலாநிதி யோகராசா, ஜெசிந்தாவின் தொழிலைக் கெடுத்தது நீங்கள். கூட நின்று உதவி செய்தது நான். என் பங்கை இங்கே எழுதுகிறேன். உங்கள் பங்கை நீங்கள் எழுதப்போவதில்லை என்று தெரிந்ததால் அதையும் நானே எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் யாரென்று முதலில் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூடப் பாடநெறி ஒன்று இருந்தது. யோகராசா அதன் தலைவர். நான் அங்கே செய்முறைப் போதனாசிரியர். இருவரும் இப்போது ஓய்வில் இருக்கிறோம். போன மாதம் அங்கே படிப்பிக்கிற இளம் விரிவுரையாளர்கள் இரண்டு பேர், லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அன்ரி, பிள்ளையள் எழுதுற ஜேர்னல் தொடங்கின காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ. இனி எல்லாப் பாடநெறிக்குள்ளயும் அதைக் கொண்டுவரப் போறம். நீங்கள் அப்ப எப்பிடி வெற்றியாச் செய்தனீங்கள் எண்டு பிள்ளையளுக்குத் தெரிய வேணும்."

தேத்தண்ணி கொடுத்தேன். எழுதுகிறேன் என்றேன். அவர்கள் எதிர்பார்த்த கட்டுரை இதுவல்ல. அதனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்காமல் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

என் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் பழகினேன். எண்பதுகளில் இங்கே வந்தேன். ஆஸ்பத்திரி லாபில் போத்தல் கழுவினேன், மாலை வகுப்பில் படித்தேன், பிறகு அதே லாபில் இரத்தம் சோதித்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். குழாயைப் பிடிக்க, கண்ணாடித் தட்டில் இரத்தத் துளியை மெல்லிய படலமாக இழுக்க, தாளில் ஒழுங்காகப் பதிய எத்தனையோ பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பாடநெறி முடித்த பிள்ளைகள் பட்டத்தை வைத்துக்கொண்டு சுப்பர்மார்க்கெட்டில் தட்டு அடுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் எடுக்க மாட்டார்கள். மேலிடத்திலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் வந்தது. உங்கள் பட்டதாரிகளுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை, பாடத்துக்குள் வேலைக்கான தகுதியைக் கொண்டுவாருங்கள் என்று. யோகராசாதான் திட்டம் போட்டார். மூன்றாம் வருடம் முழுவதும் ஆஸ்பத்திரி லாபில் பயிற்சி. பயிற்சி முடிய, செய்த வேலைகளின் பதிவுகளைச் சேர்த்து, லாப் மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு ஒரு கோவை. அந்தக் கோவை சரியென்றால் தொழிலுக்குப் பதியலாம்; பதிந்தவர்களைத்தான் ஆஸ்பத்திரி எடுக்கும். அதோடு கிழமைக்கு ஒரு பக்கம் ஜேர்னல். அந்தக் கிழமை என்ன பிழைத்தது, அதிலிருந்து என்ன கற்றாய் என்று பிள்ளை எழுத வேண்டும். திட்டம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. அந்தத் திட்டத்தால் வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை மறைத்தால் நானும் அவரைப் போல ஆகிவிடுவேன்.

யோகராசாவைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் கந்தோரில் எல்லோருடனும் இங்கிலீசில்தான் பேசுவார். தமிழ் ஆட்களோடும் அப்படித்தான். எனக்கு "மிஸிஸ் தேவராஜ்." கதவைச் சாத்திவிட்டு "தங்கச்சி, இரும்" என்றால் ஏதோ தன்னால் செய்ய முடியாததை என் தலையில் கட்டப்போகிறார் என்று அர்த்தம். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட அது பிழைக்கவில்லை. ஜேர்னல் வந்த பிறகு இன்னொரு பழக்கமும் வந்தது. எதைச் சொன்னாலும் திருப்பிக் கேள்வி கேட்பார். ஒருநாள் வடித்த தண்ணீர்த் தொட்டியின் பைப் உடைத்துக்கொண்டு லாப் முழுக்க வெள்ளம். ஓடிப்போய்ச் சொன்னேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று இங்கிலீசில் கேட்டார்.

"பைப் பழசு எண்டு கற்றுக்கொண்டன்" என்று தமிழில் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜேர்னல் எப்படிப் பார்ப்பது என்று எங்களுக்கு ஒரு பின்னேரம் பயிற்சி தந்தார். பலகையில் ஒரு வட்டம் கீறினார். செய், யோசி, கற்றுக்கொள், மறுபடி செய். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிள்ளை முதலில் ஒரு வரைவு தர வேண்டும். நாங்கள் ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை திருத்தி எழுதிக் கொடுத்ததும் பழைய வரைவைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். மூன்றாவது விதி இது: மாணவர் மற்றவர்களைப் பற்றி எழுதக் கூடாது. மற்றவர்மேல் பழி போடும் வரிகளை நீக்கச் சொல்லுங்கள். தான் என்ன செய்தேன் என்பதை மட்டுமே எழுத வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன். "இதை வேறு யார் வாசிப்பார்கள்?"

"உங்களையும் மாணவரையும் தவிர ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் உண்மையை எழுதுவார்கள்."

அறையில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் கேட்டோம்.

ஜெசிந்தா எனக்குக் கிடைத்த பிள்ளைகளில் ஒருத்தி. அது அவளுடைய உண்மையான பெயரல்ல. மன்னார்ப் பிள்ளை, கத்தோலிக்கக் குடும்பம். மற்றப் பிள்ளைகளைவிட நாலைந்து வயது மூத்தவள், ஏனென்றால் அகதி வழக்கு முடியும்வரை பல்கலைக்கழகத்துக்குப் போக வழியிருக்கவில்லை. வாய்த்துடுக்கு. கை சுத்தம். நான் பார்த்த மாணவர்களில் இரத்தத் தட்டை அவளைப் போல இழுத்தவர்கள் மூன்று பேர்கூட இல்லை.

ஆனால் ஜேர்னலில் ஒன்றுமில்லை. ஆறு கிழமையாக ஒரே பல்லவி. இந்த வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. மேற்பார்வையாளர் உதவியாக இருந்தார். ஆறாம் கிழமை கூப்பிட்டேன்.

"என்ன பிள்ளை, நீர் ஒரு பிழையும் விடுறேல்லையோ?"

"விடுறன் மிஸ். எழுதுறேல்லை."

"ஏன்?"

"அப்பா குரோய்டனில அகதி விசாரணையில, ஊரில தன்னை மூண்டு நாள் அடைச்சு வச்சவங்கள் எண்டு முதல்தரம் சொன்னவர். ரெண்டாந்தரம் நாலு நாள் எண்டு சொல்லிப்போட்டார். அந்த ஒரு நாளை விளங்கப்படுத்த எங்களுக்கு ஏழு வருசம் போச்சு. எழுதிக் குடுத்தா அது போய் எங்கயோ ஒரு ஃபைலுக்க கிடக்கும் மிஸ். ஒருநாள் வெளியில வரும்."

"இது அப்பிடி இல்லை. உம்மையும் என்னையும் தவிர ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். சேர்ச்சில ஃபாதரிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யிற மாதிரி நினைச்சுக்கொள்ளும்."

"ஃபாதர் அதுக்கு மார்க் போடுறேல்லை மிஸ்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் சைவக்காரி, பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவளுக்கு அதில் நம்பிக்கை என்று தெரிந்துதான் அந்த உதாரணத்தை எடுத்தேன். யோகராசா சொன்னதை அவர் சொன்னதைவிடத் திறமாக அவளுக்கு விற்றேன். அடுத்த கிழமை உண்மையை எழுதினாள்.

நடந்தது இது. அவள் பயிற்சி பெற்ற லாபில், சோதனை மருந்துகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் தொங்கும். எல்லா லாபிலும் தொங்கும். ஒவ்வொரு நாளும் காலையில் வெப்பநிலையைப் பார்த்து, கட்டத்தில் எழுதி, பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். இரண்டிலிருந்து எட்டுப் பாகைக்குள் இருந்தால் சரி. ஆள் குறைந்த சனி, ஞாயிறுகளில் அதை ஒருவரும் பார்ப்பதில்லை. கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். அடுத்த கிழமை தர ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள். மேற்பார்வையாளர் தாளைக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்து, வெறுங்கட்டங்களை நிரப்பு என்றார். அவர் இங்கிலீசுக்காரர், மரியாதையான மனிதர், எனக்கும் அவரைத் தெரியும். அவள் ஒன்பது கட்டங்களை நிரப்பினாள். அவள் அங்கே இல்லாத நாட்களுக்கு.

அது பிழை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்க்காத வெப்பநிலையை எழுதக் கூடாது என்று முதல் வருடத்திலேயே படிப்பித்தது நான்தான்.

வரைவில் இதை நாலு வரியில் எழுதியிருந்தாள். முதல் வரி, "ஆய்வாளர்கள் வருகிறார்கள், நிரப்பு என்று மேற்பார்வையாளர் சொன்னார்." அந்த வரியின் மேல் கோடு போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: இது அவரைப் பற்றியது, வெட்டவும். நீ என்ன செய்தாய், எப்படிச் செய்தாய்? விபரம் போதாது.

அவள் தாளோடு என் அறைக்கு வந்தாள்.

"மிஸ், இந்த வரியை எடுத்தா நான் சும்மா போய்க் கள்ளவேலை செய்த மாதிரியெல்லோ கிடக்கு?"

"இது உம்மை நீர் பாக்கிறதுக்கு. அவற்ர கதை இதுக்க வேண்டாம்."

"அவர் சொல்லாட்டி நான் ஏன் செய்யிறன்?"

"ஏன் மாட்டன் எண்டு சொல்லேல்லை? அதை எழுதும்."

"மாட்டன் எண்டா வருசக் கடைசியில என்ர கோவைக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? நீங்களோ?"

விதித்தாளை எடுத்தேன். மூன்றாவது விதி இருந்தது. அதைக் காட்டினேன். "சரி மிஸ், நீங்கள் சொல்லுறீங்கள்" என்றாள்.

திருத்தி எழுதிக் கொண்டுவந்தது எனக்கு இன்றைக்கும் பாடம். "ஒன்பது கட்டங்களை நிரப்பினேன். நான்கு, ஐந்து, நான்கு என்று மாற்றி எழுதினேன். ஒரே நேரத்தில் எழுதியது தெரியாமலிருக்க நீலப் பேனையும் கறுப்புப் பேனையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். செய்யும்போது ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அதை நினைத்தபோதுதான் பயம் வந்தது." ஒரு பிள்ளை தன்னைத் தானே இவ்வளவு நேராகப் பார்த்து எழுதியதை நான் அதற்குமுன் கண்டதில்லை. வகுப்பிலேயே கூடிய புள்ளி போட்டேன். பழைய வரைவை, நான் கோடு போட்ட வரியோடு, இயந்திரத்தில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து யோகராசா என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, இரும். உம்மட பிள்ளையளின்ர ஜேர்னலில திறமானது ஒண்டு ரெண்டு தாரும். பேரை எடுத்துப்போட்டு, அடுத்த வருசப் பிள்ளையளுக்கு மாதிரிக்குக் காட்டத்தான்."

"ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"பேர் இல்லாட்டி அது ஆரின்ரயோ எழுத்து. பயப்பிடாதையும்."

பெருமையாக இருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். மற்றப் போதனாசிரியர்களை விட்டு முதலில் என்னிடம் கேட்டார் என்ற பெருமை. ஜெசிந்தாவிடம் ஒரு சொல் கேட்காமல் அவள் பக்கத்தைக் கொடுத்தேன்.

அவர் அதை அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. பத்துப் பக்கங்களைச் சேர்த்துச் சிறு புத்தகமாக அடித்து, ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த மேலாளர்களுக்கு ஒரு கூட்டத்தில் கொடுத்தார். எங்கள் மாணவர்கள் எவ்வளவு ஆழமாகச் சிந்திக்கிறார்கள் பாருங்கள், இன்னும் இடம் தாருங்கள் என்று கேட்கத்தான். எங்கட பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் அந்த லாபின் மேலாளரும் இருந்தார். அவருடைய லாபில் எங்கள் மாணவி ஒருத்திதான் இருந்தாள். பெயரை எடுத்து என்ன பயன்? மறுநாளே போய் வெப்பநிலைத் தாளைப் பார்த்திருக்கிறார்கள். நீலமும் கறுப்பும் அவள் எழுதியபடியே இருந்தன.

பயிற்சியை நிறுத்தினார்கள். தொழிலுக்குத் தகுதியானவளா என்று பார்க்கப் பல்கலைக்கழகம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மேற்பார்வையாளர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார், தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று. ஜெசிந்தா, சொன்னார் என்றாள். அப்படியானால் ஏன் ஜேர்னலில் அந்த வரி இல்லை என்று கேட்டார்கள். இருந்தது, மிஸ் வெட்டச் சொன்னார் என்றாள். அதனால் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் மத்தியானம் யோகராசா என்னைக் கூப்பிட்டார். தமிழில்.

"உமக்கு இன்னும் ரெண்டு வருசம்தானே பென்சனுக்கு?"

"ஓம்."

"அறுவது ஜேர்னல் வாசிச்சிருப்பீர். எந்த வரி எதில இருந்தது எண்டு ஆருக்கும் ஞாபகம் இருக்குமே? ஞாபகம் இல்லை எண்டா இல்லைதான். அது பொய்யில்லை, தங்கச்சி. ஞாபகம் இருக்கு எண்டு சொன்னீர் எண்டா, ஏன் வெட்டினனீர் எண்டு கேப்பினம். ஒரு கள்ளத்தைப் பற்றி எழுதினதை வாசிச்சுப்போட்டு ஏன் மேல சொல்லேல்லை எண்டும் கேப்பினம். பிறகு பிள்ளையோட சேர்ந்து நீரும் போவீர்."

"விதி நீங்கள் தந்தது அண்ணை."

"அந்தத் தாளில என்ர பேர் இருக்கே?"

இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பெயருமில்லை, திகதியுமில்லை.

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே ஜெசிந்தாவின் தகப்பன் கோட் போட்டுக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விடவில்லை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"தங்கச்சி, உள்ள மொழிபெயர்க்க ஆள் இருக்கினமோ?"

"அவவுக்கு இங்கிலீஸ் தெரியும்தானே அண்ணை."

"தெரியும். எண்டாலும் இப்பிடி இடங்களில ஒரு ஆள் இருக்கிறது நல்லது. சொல்லுறது ஒண்டு, எழுதுறது ஒண்டாப் போயிடும். நீங்கள் இருக்கிறியள், அது காணும்."

உள்ளே போனேன். விசாரணைக் குழுவின் தலைவி மென்மையாகத்தான் கேட்டார். முதல் வரைவில் மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வரி இருந்ததா? ஜெசிந்தா எனக்கு எதிரே இருந்தாள். அவள் முகத்தில் பயமில்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

"நிறைய ஜேர்னல்கள் வாசித்தேன். உறுதியாக நினைவில்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவள் நீளமாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு பேனை பிடித்தது உண்மையா என்று கேட்டார்கள். ஓம் என்றாள். அதுதான் முடிவானது. ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் நிரப்பியவள் பேனை மாற்ற மாட்டாள் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்த விபரத்தை எழுத வைத்தது என் ஓரக் குறிப்பு.

தீர்ப்பு: நேர்மையீனம். பட்டம் கொடுத்தார்கள், பயிற்சி ஆண்டு இல்லாமல். அதை வைத்துத் தொழிலுக்குப் பதிய முடியாது. வேறு ஆஸ்பத்திரியில் பயிற்சி கேட்டால் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும், உங்கள்மீது இப்படித் தீர்ப்பு ஏதும் இருக்கிறதா என்று. அவள் இருக்கிறது என்று எழுதுகிறாள். மூன்று முறை விண்ணப்பித்தாள். ஒரு இடத்திலும் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. மேற்பார்வையாளர் அதே லாபில் அதே கதிரையில் இருந்து ஓய்வு பெற்றார். ஜேர்னல் திட்டத்துக்காக யோகராசாவுக்குப் பல்கலைக்கழகம் கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. எனக்குப் பென்சன் வந்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவளை அப்டன் பார்க் கடைத்தெருவில் கண்டேன். மருந்துக் கடையில் வேலை செய்கிறாள், மருந்து கலக்கும் பக்கத்தில் அல்ல, முன்பக்கம், சவர்க்காரமும் ஷாம்பூவும் இருக்கும் பக்கம். நான் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவள் எனக்கு மற்ற வாடிக்கையாளர்களுக்குப் போல "பை வேணுமோ?" என்று கேட்டாள்.

"ஜெசிந்தா, நான் பொய் சொல்லிப்போட்டன்."

"தெரியும் மிஸ். அதை ஏன் இஞ்ச வந்து சொல்லுறீங்கள்? எனக்குத் தெரிஞ்சதை எனக்குச் சொல்லி என்ன? சொல்ல வேண்டிய ஆக்களுக்குச் சொல்லுங்கோ. பின்னால லைன் நிக்குது."

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னேன். விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். அந்த வரி இருந்தது, நான் கோடு போட்டேன், விசாரணையில் பொய் சொன்னேன் என்று கையெழுத்து வைத்து அனுப்பினேன். அந்த விதித்தாளின் பிரதியையும் வைத்தேன். நான்கு கிழமையில் பதில் வந்தது. பெயரும் திகதியும் இல்லாத தாளை ஏற்க முடியாது, சாட்சி ஒருவர் வருடங்களுக்குப் பிறகு சொல்வதை மாற்றினால் அது மட்டும் போதாது, ஆனால் பாடநெறியின் அன்றைய தலைவர் அந்த விதியையும் வாக்குறுதியையும் உறுதிப்படுத்தினால் தீர்ப்பை மீளப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைக்கு என்னோடு பயிற்சி அறையில் இருந்த மற்றவர்களைக் கேட்டேன். இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற நால்வருக்கும் நினைவில்லையாம். அவர்களைக் குறை சொல்லும் வாய் எனக்கில்லை.

யோகராசா, உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதிலில்லை. தொலைபேசி எடுத்தேன். உங்கள் மனைவி எடுத்து, "அவருக்கு இப்ப அந்தக் கதையளெல்லாம் கதைக்கிறது உடம்புக்குக் கூடாது" என்றார். அதே கிழமை ஆசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்கில் நீங்கள் ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறீர்கள். தலைப்பு, தன் பிழையை நேராகப் பார்ப்பது எப்படி. என்னிடம் கட்டுரை கேட்டு வந்த பிள்ளைகள்தான் சொன்னார்கள், திறமான பேச்சு என்று.

அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ஜேர்னலை வையுங்கள். ஆனால் முதல் வகுப்பிலேயே இதை வாசிப்பவர்கள் இவர்கள் என்று பெயர் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்லையென்றால் பிள்ளைகளிடம் உண்மையை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். வரைவைக் கிழிக்காதீர்கள். யார் செய்யச் சொன்னார் என்ற வரியை வெட்டாதீர்கள்.

யோகராசா, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது. நீங்களே இதில் எழுதியிருக்கிறீர்கள். இனிக் கடிதம் எழுத மாட்டேன், தொலைபேசி எடுக்க மாட்டேன். எல்லோரும் பார்க்கத்தக்கதாக இங்கேயே கேட்கிறேன். மற்றவரைப் பற்றிய வரியை வெட்டு என்ற விதியை எங்களுக்குத் தந்தது நீங்களா, இல்லையா? ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்று சொன்னது நீங்களா, இல்லையா? அந்தப் பக்கத்தை ஆஸ்பத்திரிக்காரர் கையில் கொடுத்தது நீங்களா, இல்லையா? உங்கள் பதிலை, உங்கள் பெயரும் திகதியும் போட்டு, அடுத்த இதழில் எழுதுங்கள். அதன் பிரதியை அந்தக் குழுவுக்கு நான் அனுப்புகிறேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது. இன்னும் விண்ணப்பம் போடலாம்.